வளைகாப்புக்கு ஒரு நாள் வீட்டுக்கு வரும் மனைவியை மறுபடி வார்டுக்கு எப்படிக் கூட்டிப் போவது?

துறைமுகத்தான் (பட்டர்வொர்த்) – வியாழன், இரவு 11.40

வணக்கம். கறிவேப்பிலைச் செடிக்காரன் என்று சொன்னால் இங்கே சிலருக்கு என்னைத் தெரியும். போன வருஷம் இலை சுருண்டுகொண்டே போகிறது என்று படம் போட்டுக் கேட்டேன், ஆளுக்கொரு மருந்து சொன்னீர்கள். இன்றைக்குக் கேட்பது வேறு. எங்கே போடுவது என்று தெரியாமல் 'குடும்பம்' என்று இருந்த பிரிவில் போடுகிறேன்.

எனக்கு 63 வயது. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவன். வீடு பாகான் டாலாமில். மனைவிக்கு 58. இரண்டு வருஷமாகச் சினைப்பையில் புற்றுநோய். அறுவை, கீமோ, மறுபடி கீமோ என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒரு மாதத்துக்கு முன்னால் இனி கீமோ வேண்டாம் என்று டாக்டர்களே நிறுத்திவிட்டார்கள். வயிற்றில் நீர் கட்டுகிறது. எடுத்தால் பத்து நாளில் மறுபடி கட்டிக்கொள்கிறது. இப்போது நுரையீரலைச் சுற்றியும் கொஞ்சம் நீர். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், நிமிடத்துக்கு 2 லிட்டர். வலிக்கு நாலு மணிக்கு ஒரு தடவை மார்ஃபின் சிரப். பினாங்குத் தீவில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரமாக இருக்கிறாள்.

அடுத்த ஞாயிறு மூத்த மகளுக்கு ஏழாம் மாத வளைகாப்பு. மண்டபம் வேண்டாம், வீட்டிலேயே, வாசலில் ஒரு கூடாரம் போட்டு அறுபது பேர் என்று பேச்சு. வார்டில் ஒரு சின்ன வயசு மலாய் டாக்டர், அந்தப் பெண் தானாகவே கேட்டது: அம்மா, ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்குப் போய்விட்டு ஆறு மணிக்குள் வந்துவிடுகிறீர்களா என்று. இவள் பதிலே சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சரி, மனசில்லை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு நான் கிளம்பும்போது மெதுவாகக் கேட்கிறாள்: "அந்த மாம்பழக் கலர் சேலையோட ரவிக்கை எந்த அலமாரியில இருக்குன்னு தெரியுமா? ரெண்டு பக்கமும் பிடிக்கச் சொல்லணும்."

அப்போது வருகிறாள். அது முடிவாகிவிட்டது.

என் கவலை வேறு. போன தீபாவளிக்கும் இரண்டு நாள் லீவில் கூட்டி வந்தேன். அப்போது ஆக்ஸிஜன் இல்லை, கைத்தாங்கலாக நடப்பாள். திரும்பிப் போகும் நேரத்தில் காடியில் (காரில்) ஏறவில்லை. வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். என்னமோ சொன்னாள், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. நேரமாகிவிட்டது, பாலத்தில் ஜாம் கட்டிக்கொள்ளும் என்ற ஒரே நினைப்பு. எதிர்வீட்டுச் சீனத் தாத்தா தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் கம்பியிலிருந்து பிரித்தேன். சுண்டு விரல் கடைசி. கல்யாணமாகி 34 வருஷத்தில் அவள் கையை நான் அப்படிப் பிடித்ததில்லை.

வளைகாப்பு முடிந்தால் பெண் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் பிள்ளை உள்ளே வருகிற அன்றைக்கே அம்மாவை வெளியே கொண்டுபோகப் போகிறேன். அதை எப்படிச் செய்வது? உங்களில் யாராவது செய்திருக்கிறீர்களா?

இன்னொன்று. என் பெரியக்கா, நோயாளி கையால் முதல் வளையல் போடக் கூடாது என்கிறார். வயசில் மூத்தவர், எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. பெற்றவள் கையைவிட எந்தக் கை நல்ல கை என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

---

குமாஸ்தா (சுங்கை பட்டாணி) – வெள்ளி, காலை 7.15

ஐயா, மனசைப் புண்படுத்தச் சொல்லவில்லை. ஆக்ஸிஜனில் இருப்பவரைப் பாலம் கடந்து கொண்டுவந்து, அறுபது பேர் கூட்டத்தில் உட்கார வைத்து, எதற்கு இந்த ரிஸ்க்? வீடியோ காலில் காட்டினால் போதாதா? என் கருத்து இது.

---

துறைமுகத்தான் – வெள்ளி, காலை 7.50

தம்பி, தப்பாக எடுக்கவில்லை. போன மாதம் மருமகன் வீட்டில் ஒரு விசேஷத்துக்கு அப்படித்தான் செய்தோம். கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருந்தது சின்னவன். முக்கால் மணி நேரம் அவள் பார்த்தது மின்விசிறியும் யாரோ ஒருவருடைய முழங்கையும்.

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தைப்பிங்) – வெள்ளி, மதியம் 1.05

அண்ணே, அரசாங்க மருத்துவமனையில் 33 வருஷம் மிஸ்ஸியாக (நர்ஸாக) இருந்தவள் நான். திரும்பிப் போவதைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. நாங்கள் வார்டு வாசலில் வரவேற்கிற பக்கம் நின்றவர்கள். மற்றதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நெருப்பு. வளைகாப்பு என்கிறீர்கள், அப்படியானால் குத்துவிளக்கு இருக்கும், ஊதுபத்தி இருக்கும், கடைசியில் கற்பூரம் போட்டு ஆரத்தி எடுப்பார்கள். ஆக்ஸிஜன் தானாக எரியாது. ஆனால் பக்கத்தில் எது எரிந்தாலும் மடமடவென்று பிடிக்க வைக்கும். குழாயிலிருந்து கசிவது சேலையிலும் தலைமுடியிலும் தங்கிவிடும். குழாயைக் கழற்றி வைத்துவிட்டு உடனே ஆரத்தி எடுத்தால் ஆகாதா என்று கேட்பார்கள், ஆகாது. கற்பூரத் தட்டை முகத்துக்கு நேரே சுற்றி, புருவம் கருகி வந்த ஒருவருக்கு நானே மருந்து போட்டிருக்கிறேன். அவர் அதிர்ஷ்டசாலி. விளக்கைக் கூடத்தின் அந்தக் கோடியில் வையுங்கள், குறைந்தது 3 மீட்டர் தள்ளி. ஆரத்தி வெறும் மஞ்சள் சுண்ணாம்புத் தண்ணீரில் எடுங்கள், கற்பூரம் வேண்டாம். அடுப்படிக்குப் போக ஆசைப்பட்டால் அடுப்பை அணைத்த பிறகு. உதடு காய்கிறது என்று யாராவது எண்ணெய்ப் பசையுள்ள களிம்பைப் பூசிவிடப் போகிறார்கள், அதுவும் வேண்டாம். தண்ணீரில் கலந்த களிம்பு வார்டிலேயே கேளுங்கள்.

இந்த வேலைக்கென்று ஒரு ஆளைப் போடுங்கள். பெரியவர்களுக்குக் கற்பூரம் கொளுத்துவது கை தானாகச் செய்கிற காரியம். சொல்லி வைத்தாலும் மறந்துவிடுவார்கள்.

அடுத்தது சிலிண்டர். கணக்கு சுலபம். 680 லிட்டர் பிடிக்கிற உருளை, நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 340 நிமிடம், ஐந்தே முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. அதை முழுக்க நம்பித் திட்டம் போடக் கூடாது. கால்வாசி மிச்சம் இருக்கும்போதே மாற்று உருளை கையில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கிற நேரத்துக்கு மின்சாரத்தில் ஓடுகிற கான்சென்ட்ரேட்டர் (ஆக்ஸிஜன் மெஷின்) ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டால் சிலிண்டர் பயணத்துக்கு மட்டும் போதும். ஆனால் கரண்ட் போனால் அதுவும் போச்சு, அதனால் இரண்டும் வேண்டும். காடியில் உருளை உருளாமல் கட்டிவையுங்கள்.

மார்ஃபின் சிரப் குடித்து அது வேலை செய்யக் கிட்டத்தட்ட அரை மணி ஆகும். அதனால் வார்டை விட்டு இறக்குவதற்கு அரை மணி முன்னால் டோஸ் விழும்படி நேரத்தை முன்னே பின்னே நகர்த்த முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நடுவில் வலி வந்தால் கொடுக்கிற டோஸ் எவ்வளவு, எத்தனை தடவை கொடுக்கலாம் என்பதை எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னது வளைகாப்புச் சத்தத்தில் நினைவில் நிற்காது. மலச்சிக்கல் மருந்தை அன்றைக்கும் நிறுத்தாதீர்கள்.

வயிற்று நீரை முதல் நாள் எடுத்துவிட முடியுமா என்றும் கேளுங்கள். எடுத்தால் உட்காருவதும் மூச்சு விடுவதும் எவ்வளவோ லேசாக இருக்கும். சேலையும் நிற்கும்.

உங்கள் மகள் ஏதாவது பயப்படுகிறாளா? கீமோ நிறுத்தி ஒரு மாதம் ஆகிவிட்டதால் அந்தப் பயம் வேண்டாம். கீமோ ஏறிய முதல் இரண்டு நாளில்தான் சிறுநீர், வாந்தி இதையெல்லாம் கர்ப்பிணி தொடக் கூடாது என்போம். கட்டிப் பிடிப்பதற்கு என்றைக்குமே தடை இல்லை. காய்ச்சல், இருமல் உள்ள பிள்ளைகளை மட்டும் அன்றைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இரண்டு பேருக்காகவும்.

கடைசியாக, 'சொந்தப் பொறுப்பில் டிஸ்சார்ஜ்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். லீவு என்று எழுதிக் கேளுங்கள். கட்டில் இருக்கிறதா, எத்தனை மணி வரை, ஏதாவது ஆனால் எந்த எண்ணுக்கு அழைப்பது, மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வார்டிலும் ஒவ்வொரு முறை.

---

செந்தூல் மருமகள் (கோலாலம்பூர்) – வெள்ளி, இரவு 10.20

அப்பா, நான் உங்களை அப்பா என்றே கூப்பிடுகிறேன்.

எங்கள் மாமாவை (கணவரின் அப்பா) கொழுந்தனாரின் நிச்சயத்துக்கு ஒரு நாள் கூட்டி வந்தோம். எல்லாம் சரியாக ஏற்பாடு செய்தோம், ஒன்றைத் தவிர. வந்தவர்கள் எல்லாரும் வரிசையில் நின்று அவரைப் பார்த்தார்கள். கோயிலில் சாமி பார்க்கிற மாதிரி. ஒவ்வொருவரும் "என்னைத் தெரியுதா?" என்று கேட்டார்கள். எண்பது பேருக்கு 'தெரியுது' சொன்னால் நல்ல உடம்புக்காரனுக்கே மயக்கம் வரும். பதினோரு மணிக்குத் தூங்கியவர், நிச்சயத் தட்டு மாற்றும்போது முழிக்கவே இல்லை. தயவுசெய்து ஒரு அறையின் கதவைச் சாத்தி, வாசலில் ஒரு முரட்டு ஆளை உட்கார வையுங்கள். எங்கள் வீட்டில் பிறகு அந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன், இன்றுவரை இரண்டு அத்தைகள் என்னிடம் பேசுவதில்லை.

திரும்பிப் போவது பற்றி. மாமா போகும்போது அழவில்லை, நாங்கள்தான் அழுதோம். அவர் எரிச்சலாகி, "செத்தா போறேன், செராஸுக்குப் போறேன்" என்றார், வார்டு அங்கேதான். அதற்கப்புறம் அவர் மறுபடி வார்டுக்கே போக விரும்பவில்லை. ஹோஸ்பிஸ் மலேசியா என்று கடைசிக் கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற அமைப்பு ஒன்று செராஸில் இருக்கிறது, 1991-இலிருந்து நடத்துகிறார்கள், கிள்ளான் பள்ளத்தாக்கில் வீட்டுக்கே மிஸ்ஸியும் டாக்டரும் வருவார்கள், காசு வாங்குவதில்லை. கடைசி ஐந்து வாரம் வீட்டிலேயே இருந்தார். பினாங்கிலும் வீட்டுக்கு வருகிற ஹோஸ்பிஸ் சேவை இருக்கிறது, வார்டில் பாலியேட்டிவ் (வலி, சிரமம் குறைக்கிற) பிரிவைக் கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். இதை இப்போது சொல்வது சரியா தெரியவில்லை. ஆனால் 'திரும்பக் கொண்டுபோக வேண்டும்' என்பதை யார் முடிவு பண்ணினார்கள் என்று ஒரு தடவை யோசியுங்கள்.

இன்னொரு கேள்வி. அன்றைக்கு கேட்டைப் பிடித்துக்கொண்டு என்னமோ சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே. என்ன சொன்னார்கள்? கேட்டீர்களா?

---

துறைமுகத்தான் – ஞாயிறு, இரவு 9.30

இரண்டு பேருக்கும் நன்றி. மிஸ்ஸி தங்கச்சி எழுதியதை மகன் அச்செடுத்து குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிறான்.

செந்தூல் மகளே, நீ கேட்ட கேள்வியை இரண்டு நாள் வைத்துக்கொண்டு திரிந்தேன். இன்று மாலை கேட்டேன். அவளுக்கு மைலோ ஆற்றிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். அன்னைக்கு ஏன் கேட்டைப் பிடிச்சுக்கிட்டே, போக அவ்வளவு பிடிக்கலையா என்று.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அரிசி டின்னுக்கு மூடி போடலைன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் விடுங்க, மூடிட்டு வர்றேன்னு சொன்னேன். நீங்க காது கொடுக்கலை."

அரிசி டின். எனக்கு மைலோ கையில் ஊற்றிக்கொண்டது. ஏனென்றால் அந்த வாரமே எலி இறங்கிவிட்டது. பத்து கிலோ அரிசியைக் குப்பையில் கொட்டிவிட்டு டின்னைக் கழுவிக் கவிழ்த்தேன். அவளிடம் சொன்னதே இல்லை. மூடி ஏன் திறந்திருந்தது என்று அன்றைக்கு யோசிக்கவும் இல்லை. இன்றைக்குச் சொன்னேன். "தெரியும், எலி வராம என்ன பண்ணும்?" என்றாள்.

வீட்டிலேயே இருந்துவிடுகிறாயா என்றும் கேட்டேன். அதற்கு உடனே பதில் சொல்லவில்லை. வளைகாப்பு முடியட்டும் என்றாள். பிறகு ஒரு நிமிடம் கழித்து, பிள்ளை பெற வந்தவள் இருக்கிற வீட்டில் ராத்திரி முழுக்க மெஷின் சத்தம் வேண்டாம் என்றாள். நான் மேலே பேசவில்லை. ஆனால் பாலியேட்டிவ் மிஸ்ஸியிடம் வளைகாப்பு முடிந்த செவ்வாய்க்கிழமை பேச நேரம் வாங்கியிருக்கிறேன்.

அவள் சொன்ன நிபந்தனைகள்: எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை அவள் சொல்வாள். கிளம்புவதற்கு முன் வீட்டைத் தானே ஒரு சுற்றுப் பார்த்து எல்லாவற்றையும் மூடுவாள், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. கேட்டில் யாரும் கூட்டம் போட்டு நிற்கக் கூடாது. முக்கியமாகப் பெரியக்கா.

---

குமாஸ்தா (சுங்கை பட்டாணி) – திங்கள், காலை 7.10

ஐயா, நான் முதலில் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். சிலிண்டர் கொண்டு போகக் கூட ஒரு ஆள் வேண்டுமானால் சொல்லுங்கள், ஞாயிறு எனக்கு விடுமுறை.

---

துறைமுகத்தான் – அதற்கடுத்த திங்கள், இரவு 10.45

நேற்று நல்லபடியாக முடிந்தது. நிறைய பேர் தனிச்செய்தியில் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சனிக்கிழமை வயிற்று நீர் எடுத்தார்கள். ஞாயிறு ஏழரைக்கு மார்ஃபின், எட்டுக்கு வார்டிலிருந்து இறங்கினோம். அவளுக்கு ஃபெர்ரியில் வரத்தான் ஆசை. கல்யாணமான புதிதில் அதில்தான் தீவுக்கும் பட்டர்வொர்த்துக்கும் போவோம் வருவோம். இப்போது ஃபெர்ரியில் காடி ஏற்ற முடியாது. அதனால் பாலம்தான், பழைய பாலம். 1985-இல் திறந்தது, கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு பேரும் மோட்டாரில் வேடிக்கை பார்க்கப் போன பாலம். பதின்மூன்றரை கிலோமீட்டரும் கண்ணாடியை இறக்கச் சொல்லி, கடல்காற்று முகத்தில் அடிக்க வந்தாள். குழாய் காற்றும் கடல் காற்றும் சேர்ந்து இன்னைக்கு டபுள் என்றாள்.

ஞாயிறு 12-லிருந்து ஒன்றரை வரை எமகண்டம், நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். வளையல் அடுக்குவது பன்னிரண்டுக்குள் முடிய வேண்டும், வார்டுக்கு நாலரைக்குள் கிளம்ப வேண்டும். பெரியக்காவும் டாக்டரும் ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான். (இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் உதிக்கிறது, இந்தக் கணக்கே இங்கே செல்லுமா என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். சொன்னால் அடி விழும்.)

முதல் வளையல் யார் போடுவது என்ற வழக்கைச் சம்பந்தியம்மா தீர்த்துவைத்தார். எல்லாரும் கூடியிருந்தபோது சந்தனக் கிண்ணத்தை எடுத்து நேராக இவள் மடியில் வைத்து, "நீங்க ஆரம்பிச்சாதான் நாங்க எந்திரிப்போம்" என்றார். பெரியக்கா பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

வளையல்கள் இவளே வாங்கியவை. மூன்று மாதத்துக்கு முன்னால், நடக்க முடிந்த கடைசி நாட்களில், தீவில் லிட்டில் இந்தியாவில், பச்சையும் சிவப்பும் கண்ணாடி வளையல். அப்படியே குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலில் குங்குமமும் வாங்கி வைத்திருந்தாள். 2-4 அளவு, மகளின் பழைய கைக்கு. இப்போது மகளுக்குக் கை வீங்கியிருக்கிறது, கர்ப்பம். இவளுக்கும் கை வீங்கியிருக்கிறது, நோய். வீங்கிய கை வீங்கிய கையைப் பிடித்து வளையலை ஏற்றப் பார்க்கிறது, கட்டை விரல் எலும்பைத் தாண்டவில்லை. யாரோ தேங்காய் எண்ணெய் என்றார்கள். சின்னவன் எண்ணெய் கூடாது என்று கத்திக்கொண்டே சவர்க்காரத்தை எடுக்க ஓடினான். சவர்க்கார நுரையைப் பிள்ளையின் கையில் தடவி, விரல்கள் ஐந்தையும் கூம்பாகக் குவித்து, கட்டை விரலை உள்ளே மடக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பி ஏற்றினாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்திவிடு என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. ஒரே ஒரு பச்சை வளையல் ஏறியது. மற்றவை ஏறவில்லை. மற்றவர்கள் போட்டது எல்லாம் சம்பந்தி வீட்டில் கொண்டுவந்த 2-6 வளையல்.

கற்பூரம் நடந்தேவிட்டது, தங்கச்சி. சொல்லி வைத்தும், என் மாமா ஒருவர், 81 வயது, சட்டைப்பையிலிருந்து சொந்தக் கற்பூரம் எடுத்துத் தட்டில் வைத்துவிட்டார். தீக்குச்சி உரசுவதற்கு முன் சுங்கை பட்டாணித் தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டது. ஆமாம், வந்திருந்தது. காலை ஏழு மணிக்கே வந்து சிலிண்டர் பக்கத்தில் நின்றது, அப்புறம் பந்தியும் பரிமாறியது.

பன்னிரண்டரைக்கு அவளை எங்கள் அறையில் படுக்க வைத்துக் கதவைச் சாத்தினேன். ஒரு மணி இருபது நிமிடம் தூங்கினாள். வெளியே அறுபது பேர், ஐந்து வகைச் சோறு, பிள்ளைகள் சத்தம். நான் கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். இவ்வளவு பாடுபட்டுக் கூட்டி வந்தது தூங்கவா என்று ஒருவர் வெளியே கேட்டது எனக்கே கேட்டது. அவள் பக்கம் அவள்தான் படுத்திருந்தாள், தலையணையில் அதே பள்ளத்தில். ஒரு மாதமாக நான் அந்தப் பக்கம் புரண்டு படுக்கவே இல்லை. எனக்கு நேற்று முழுதிலும் அந்த நேரம்தான்.

இரண்டு மணிக்கு வலியோடு முழித்தாள். எழுதிக் கொடுத்த டோஸ் கொடுத்தோம். அரை மணியில் முகம் தெளிந்தது. தயிர்சாதம் இரண்டு கரண்டி, நார்த்தங்காய் ஊறுகாயை நக்கி நக்கி.

மூன்றரைக்கு அவளே "சரி" என்றாள். சக்கர நாற்காலியில் சுற்று தொடங்கியது. சாமி அறைக் கதவு. அடுப்பின் கேஸ் வாய். பின்பக்க ஜன்னல் கொக்கி. அரிசி டின்னைத் திறந்து, கையை விட்டு அளைந்து, ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, போட்டு, மூடியை அழுத்தி மூடினாள். இரண்டு தடவை தட்டினாள். பின்கட்டில் கறிவேப்பிலைச் செடியிடம் ஐந்து நிமிடம் நின்றோம். நீங்கள் எல்லாரும் உரம், மருந்து என்று எழுதினீர்களே, அவள் தொட்டியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "வேருக்கு இடமே இல்ல, பெரிய தொட்டியில மாத்துங்க" என்றாள். ஒரு கொத்து ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

கேட்டில் யாரும் நிற்கவில்லை. பெரியக்காவைச் சமையலறையில் பாத்திரம் எண்ண விட்டிருந்தார்கள். மகள் மட்டும் காடி வரை வந்தாள். அம்மாவும் பிள்ளையும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் சிலிண்டரைக் கட்டிக்கொண்டிருந்தேன். காடியில் ஏறிய பிறகு அவள் தன் கையாலேயே கதவை இழுத்துச் சாத்தினாள். சரியாகச் சாத்தவில்லை, நான் இறங்கிப் போய் மறுபடி சாத்த வேண்டியிருந்தது.

பாலத்தில் தீவுக்குப் போகும் பக்கம்தான் சுங்கம், வரும்போது கிடையாது. பதற்றத்தில் அட்டையில் காசு இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. கம்பி ஏறவில்லை. பின்னால் நாலு காடி ஹார்ன். நான் வியர்த்து வழிந்துகொண்டு பணப்பையைத் தேடுகிறேன், அவள் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாள். ஆக்ஸிஜன் குழாய் மூக்கிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரிப்பு. "என்னைத் திரும்ப வேண்டாம்னு அவங்களே சொல்றாங்க போல" என்றாள். ஐந்து மணிக்கெல்லாம் வார்டில் இருந்தோம்.

---

செந்தூல் மருமகள் – செவ்வாய், காலை 6.30

எல்.ஆர்.டி. ரயிலில் நின்றுகொண்டே படித்தேன் அப்பா. பக்கத்தில் இருந்தவர் டிஷ்யூ கொடுத்தார். பாலியேட்டிவ் பேச்சு இன்றைக்குத்தானே?

---

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (தைப்பிங்) – செவ்வாய், காலை 9.00

அந்த மாமாவின் சட்டைப்பையை அடுத்த விசேஷத்தில் வாசலிலேயே சோதித்து அனுப்புங்கள். அண்ணே, தொட்டி மாற்றியாச்சா?

---

துறைமுகத்தான் – புதன், இரவு 9.15

பேசினோம் மகளே. அவளும் கூட இருந்தாள், பாதி நேரம் அவளே பேசினாள். பிள்ளை பிறக்கும் வரை மாறி மாறிப் பார்க்கலாம், வீட்டில் இருக்கிற நாட்களுக்கு ஹோஸ்பிஸ் ஆட்கள் வருவார்கள் என்று முடிவு. மெஷினைப் பின்னறையில் வைத்து நீளமான குழாய் போட்டால் சத்தம் கூடத்துக்கு வராதாம்.

தொட்டி நேற்றே மாற்றிவிட்டேன், தங்கச்சி. 16 அங்குலம். படம் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மண்ணை விளிம்பு வரைக்கும் ரொப்பி வைத்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேட்கிறாள். நாளைக்கு இரண்டு கை அள்ளிவிட வேண்டும்.